செருப்பு எங்கே கழன்றது? நரம்புச் சேதத்தையும் தசை பலவீனத்தையும் கையால் சோதித்து அறியும் முறை

“தம்பி, செருப்பு எங்க கழண்டுச்சுன்னே தெரியல. ஈரம் பட்டப்புறம்தான் குனிஞ்சு பார்த்தேன்.”

தாராவியில் தோல் பை தைக்கும் அண்ணாச்சி ஒருவர் சொன்னது இது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வலது பாதம் மேலே தூக்க வரவில்லை. கையில் முதுகுத் தண்டின் எம்ஆர்ஐ படம். அதில் டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருப்பதாக எழுதியிருந்தது. முதுகில் ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கலாம் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஒரு மாதமாக அந்தப் பயத்திலேயே இருந்தார். அவர் காலை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். 90 அடி சாலைக்குப் பக்கத்து சந்தில் ஓர் அறையில் வேலை பார்க்கிறேன். என்னிடம் இருப்பவை ஒரு ரிஃப்ளெக்ஸ் சுத்தியல், பஞ்சு, குண்டூசி, ஒரு தாள், பால்பாயிண்ட் பேனா, 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை (தட்டினால் அதிரும் கவை). எந்த நரம்பு, எந்த இடத்தில் அடிபட்டது என்பதைப் பெரும்பாலும் இவற்றை வைத்தே சொல்லிவிடலாம். படமும் நரம்பின் மின்சோதனையும் அதற்குப் பிறகு, நாம் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வர வேண்டியவை. பிசியோதெரபி படிக்கும் பிள்ளைகளுக்காகவும், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களுக்காகவும் நான் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன். வீட்டில் இருப்பவர்களும் படிக்கலாம். ஆனால் இதை வைத்து வீட்டிலேயே வைத்தியம் செய்ய வேண்டாம்.

முதல் படி: இது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதா?

சுத்தியலை எடுப்பதற்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும்.

சில நாட்களில் இரண்டு காலிலும் தொடங்கி மேலே மேலே ஏறும் பலவீனம் என்றால் உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோய் மனதில் வர வேண்டும். அதில் பயப்பட வேண்டியது காலைப் பற்றியல்ல, மூச்சைப் பற்றி. ஆழமாக மூச்சை இழுக்கச் சொல்லி, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். நல்ல நிலையில் உள்ளவர் 40, 50 வரை போவார். 20-ஐத் தொடுவதற்குள் நின்றுவிட்டால் அங்கே உட்கார்ந்து மேற்கொண்டு சோதிக்கக் கூடாது. மல்லாந்து படுத்தபடி தலையைத் தூக்கி நெற்றியில் நம் கையின் அழுத்தத்தைத் தாங்கச் சொல்லிப் பாருங்கள். கழுத்தை முன்பக்கம் வளைக்கும் தசை சோர்ந்திருந்தால் மூச்சுத் தசையும் சோர்ந்துகொண்டிருக்கக்கூடும். கோவிட் காலத்தில் வாங்கிய விரல் கிளிப் இப்போது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அது 98 காட்டுகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். இந்த நோய்களில் ஆக்சிஜன் கடைசியில்தான் இறங்கும்.

முதுகு வலியோடு சிறுநீர் கட்டிக்கொள்வது, உட்காரும் இடம் மரத்துப்போவது, திடீரென ஒரு பக்கம் வாயும் கையும் விழுவது, இமை தொங்குவதோடு விழுங்க முடியாமல் போவது, எல்லாம் இதே வகைதான். ஊருக்குப் போய்த் தரையில் படுத்துத் தூங்கியவர் காலையில் இமை தொங்கி, வயிற்று வலியோடு எழுந்தால் கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். கடிவாய் கண்ணுக்குத் தெரியாமலே இருக்கும். நேரத்தைக் கடத்தக் கூடாது.

இரண்டாம் படி: வாயால் சொல்வதைக் கையால் காட்டச் சொல்வது

“மரத்துப்போச்சு” என்று நம் ஆட்கள் சொன்னால் அதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். உணர்ச்சி இல்லை, எறும்பு ஊர்கிறது, அல்லது தூக்க வலுவில்லை. மராத்திக்காரர்களும் இதற்கு எறும்பைத்தான் சொல்கிறார்கள், ‘முங்க்யா’ என்று. அதனால் வார்த்தையை நம்பி எழுதிக்கொள்ளாமல், ஒரு விரலால் அந்த இடத்தைக் கோடு போட்டுக் காட்டச் சொல்கிறேன். சுண்டுவிரலைத் தொட்டுக் காட்டுபவருக்கும் கட்டைவிரலைத் தொட்டுக் காட்டுபவருக்கும் நரம்பு வேறு.

பிறகு என்ன செய்ய முடியவில்லை என்று கேட்க வேண்டும். ரயில்வே பாலத்தின் படி ஏற முடியவில்லை, இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, பரணில் இருக்கும் டப்பாவை எடுக்க முடியவில்லை என்றால் இடுப்பும் தோளும் பலவீனம். அது பெரும்பாலும் தசை நோயின் பக்கம் போகும். சட்டைப் பொத்தான் போட வரவில்லை, சாவி திருப்ப வரவில்லை, செருப்பு நிற்கவில்லை என்றால் கை கால் நுனி பலவீனம். அது நரம்பின் பக்கம். எல்லாருக்கும் இப்படியே இருக்காது, ஆனால் தேடத் தொடங்க இது நல்ல இடம். காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் இமை தொங்குகிறது, சாப்பிடச் சாப்பிடத் தாடை சோர்கிறது என்றால் நரம்பும் தசையும் சேரும் சந்தியில் கோளாறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

வேலையைக் கேட்க மறந்துவிடாதீர்கள். வேலை என்ன என்று மட்டுமல்ல, எப்படி உட்கார்ந்து செய்கிறார் என்று கேளுங்கள். முடிந்தால் தரையில் உட்கார்ந்து காட்டச் சொல்லுங்கள். அந்த அண்ணாச்சி சம்மணம் போட்டு உட்கார்ந்து காட்டினார். ஆர்டர் நெருக்கும் மாதங்களில் பத்து மணி நேரம் அப்படித்தானாம். முழங்காலின் வெளிப்பக்கம், கொஞ்சம் கீழே, ஒரு சிறு எலும்பு முண்டு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு பெரோனியல் நரம்பு தோலுக்கு அடியிலேயே போகிறது. சதை மெத்தை கிடையாது. அவர் உட்கார்ந்தபோது தரை அழுத்தியது சரியாக அந்த இடத்தில்.

மூன்றாம் படி: பார்ப்பது

இரண்டு கைகளையும் தோள்வரை, இரண்டு கால்களையும் தொடைவரை திறந்து, வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் மெலிவு தெரியாது. நோயாளி பெண்ணாக இருந்தால் வீட்டுப் பெண் யாராவது உடன் இருக்கட்டும்.

புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதை குழி விழுந்திருந்தால், முழங்கையின் உள்பக்கம் வழியாகச் சுண்டுவிரலுக்குப் போகும் அல்நார் நரம்பை நினையுங்கள். உள்ளங்கையில் கட்டைவிரலின் அடிமேடு தட்டையானால், மணிக்கட்டின் நடுவே உள்ளங்கைக்குப் போகும் மீடியன் நரம்பு. அந்த மேடும் சுண்டுவிரல் பக்க மேடும் சேர்ந்து வற்றியிருந்தால் நரம்பு வேர் (தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்பும் இடம்) அல்லது தண்டுவடம் வரை யோசிக்க வேண்டியிருக்கும். மோதிர விரலும் சுண்டுவிரலும் கொக்கிபோல் மடங்கி நிற்பது அல்நார் சேதத்தின் முகம். இதில் ஒரு விசித்திரம் உண்டு. நரம்பு முழங்கைக்கு மேலே அறுந்தால் கொக்கி குறைவாகவும், மணிக்கட்டில் அறுந்தால் கொக்கி அதிகமாகவும் தெரியும். மேலே அறுந்தால் விரலை மடக்கும் நீள்தசையும் சேர்ந்து செயலிழக்கிறது, இழுக்க ஆள் இல்லை. ஆகவே நரம்பு ஆறி வரும்போது கொக்கி கூடினால் பயந்துவிடாதீர்கள்.

தசை தானாகத் துடிக்கிறதா என்று ஒரு நிமிடமாவது, தட்டாமல், அசையாமல் பார்க்க வேண்டும். தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோல் இருக்கும். தூக்கமில்லாதவருக்குக் கெண்டைக்காலில் துடிப்பது சாதாரணம். மெலிவோடும் பலவீனத்தோடும் சேர்ந்து துடித்தால்தான் கவலை.

விரல் நுனியில் வலிக்காத தீக்காயம், பாதத்தில் வலிக்காத புண், வியர்க்காமல் வறண்டு பளபளக்கும் தோல், இவை வாய் திறந்து சொல்லப்படாத செய்திகள். இட்லி வேகவைத்து விற்பவர்களின் விரல்களில் ஆவி சுட்ட தழும்பு இருக்கும். “சுட்டப்போ தெரிஞ்சுதா?” என்று நான் எப்போதும் கேட்பேன். நரம்பு அறுந்த விரல், வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறினாலும் சுருங்காது. பேசத் தெரியாத குழந்தைக்குக் கண்ணாடி கிழித்துவிட்டால் இது பெரிய உதவி.

அப்புறம் நடக்கவிட்டுப் பாருங்கள், கேளுங்கள். பாதம் விழுந்தவர் முழங்காலை உயரத் தூக்கி, தரையில் ‘டப்’பென்று அடித்து நடப்பார். இடுப்புத் தசை போனவர் வாத்துபோல் அசைந்து நடப்பார். தரையிலிருந்து எழும்போது குழந்தை தன் தொடைமேல் தானே கை ஊன்றி ஏறுவதுபோல் எழுந்தால் அது கவர்ஸ் அடையாளம். கெண்டைக்கால் பருத்து, கெட்டியாக இருக்கும் ஆண் குழந்தை அப்படி எழுந்தால் டுஷேன் தசைச் சிதைவைச் சந்தேகித்து அனுப்ப வேண்டும். சுவரை இரண்டு கையாலும் தள்ளச் சொன்னால் தோள்பட்டை எலும்பு இறக்கைபோல் பின்னுக்கு எழும்புவது, அந்த எலும்பை விலாவோடு பிடித்து வைக்கும் செராட்டஸ் தசையின் நரம்பு போனதைக் காட்டும்.

நான்காம் படி: நரம்பையே தொடுவது

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மும்பையில் விடக் கூடாது. வடாலாவில் 1890-இல் தொழுநோயாளிகளுக்காக அக்வர்த் ஆஸ்பத்திரி தொடங்கப்பட்ட நகரம் இது. நோய் இன்னும் நம்மிடையே இருக்கிறது.

முழங்கையை மடக்கி, உள்பக்கக் குழியில் விரலின் சதைப்பகுதியால் மெதுவாக உருட்டினால் அல்நார் நரம்பு கயிறுபோல் தட்டுப்படும். இடித்துக்கொண்டால் ஷாக் அடிக்குமே, அதே இடம். பெரோனியல் நரம்பை முன்னே சொன்ன முண்டின் கழுத்தில் தேடுங்கள். தலையை மறுபக்கம் திருப்பினால் கழுத்துத் தசையின்மேல் காதை நோக்கி ஏறும் நரம்பு தடித்திருந்தால் கண்ணுக்கே தெரியும். இரண்டு பக்கமும் ஒப்பிட வேண்டும். நகத்தால் அழுத்தாமல், நோயாளியின் முகத்தைப் பார்த்தபடி தொட வேண்டும். வலித்தால் முகம் முதலில் சொல்லும்.

தடித்த நரம்போடு உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் தொழுநோய் என்று எண்ணி உடனே அனுப்புங்கள். கூட்டு மருந்து இலவசம், நோய் குணமாகும். ஆனால் நரம்பு செத்துவிட்டால் அது வேறு கதை. புதிதாக, ஆறு மாதத்துக்குள் விழுந்த நரம்புக்கு மருத்துவர் ஸ்டீராய்டு கொடுத்தால் மீள வாய்ப்பு இருக்கிறது. நாள் கடந்தால் வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் வளர்த்தெடுத்த தசைநாண் மாற்று அறுவைபோல் வேறு வழிதான் தேட வேண்டும். “யாருக்கும் சொல்லிடாதீங்க” என்பார்கள். சொல்லாதீர்கள். ஆனால் மருந்து தொடங்கும்வரை விடாதீர்கள்.

தட்டிப் பார்ப்பதும் இந்தப் படியில்தான். நரம்பின்மேல் விரல் நுனியால் தட்டும்போது அது போய்ச் சேரும் தோலில் மின்சாரம் ஓடியதுபோல் இருந்தால் டினெல் அடையாளம். 1915-இல், முதல் உலகப் போரின்போது காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்து எழுதப்பட்டது. அண்ணாச்சிக்கு அந்த முண்டின் கழுத்தில் தட்டியபோது, “புறங்கால்ல சுருக்குன்னு ஓடுது தம்பி” என்றார். முதுகில் எதுவும் இல்லை.

ஐந்தாம் படி: வலுவை அளப்பது

0 முதல் 5 வரை மதிப்பெண். அசைவே இல்லை என்றால் 0. தசை துடிப்பது மட்டும் தெரிந்தால் 1. எடையைத் தூக்காமல் படுக்கைவாட்டில் அசைத்தால் 2. புவியீர்ப்பை மீறித் தூக்கினால் 3. நாம் கொடுக்கும் எதிர்ப்பையும் கொஞ்சம் தாங்கினால் 4. முழு வலு 5. தோல் வெட்டும் தொழிலாளியின் 4-உம் எண்பது வயது ஆச்சியின் 5-உம் ஒன்றாகத் தோன்றும். அதனால் எப்போதும் அவருடைய நல்ல பக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

கையில் நான் செய்வது இது.

மணிக்கட்டைப் பின்னால் தூக்கச் சொல்வது, பிறகு உள்ளங்கையை மேசைமேல் வைத்துக் கட்டைவிரலைத் தூக்கச் சொல்வது: ரேடியல் நரம்பு. நாற்காலி முதுகில் கையைப் போட்டுத் தூங்கி எழுந்து கை விழுந்தவரை அடிக்கடி பார்க்கிறேன். முழங்கை நீட்டும் தசை நன்றாக இருந்து மணிக்கட்டு மட்டும் விழுந்தால் அழுத்தம் மேற்கையின் நடுவில். மணிக்கட்டு கட்டைவிரல் பக்கம் சாய்ந்தபடி எழும்பி, விரல்கள் மட்டும் விழுந்து, உணர்ச்சியும் கெடாமல் இருந்தால் சேதம் முழங்கைக்குக் கீழே, ஆழமான கிளையில்.

உள்ளங்கையை மேலே வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கி நேராக நிறுத்தச் சொல்லித் தள்ளிப் பார்ப்பது: மீடியன் நரம்பு. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்து ‘ஓகே’ வட்டம் போடச் சொல்லுங்கள். வட்டமாக வராமல் விரல் நுனிகள் தட்டையாக ஒட்டிக்கொண்டால் அதன் முன்கைக் கிளை போய்விட்டது. ராத்திரி கை மரத்து எழுந்து உதறுபவர்களுக்கு, மணிக்கட்டை 60 விநாடி மடக்கி வைத்துப் பாருங்கள், விரல்கள் மதமதப்பாகும். மணிக்கட்டில் அழுத்தம் என்றால் கட்டைவிரல் மேட்டின் தோலில் உணர்ச்சி கெடாது. அந்தத் தோலுக்கான கிளை, மீடியன் நரம்பு போகும் மணிக்கட்டுக் குகைக்குள் நுழையாமல் வெளியே போய்விடுகிறது. மேட்டிலும் மரத்திருந்தால் மேலே தேடுங்கள்.

அல்நார் நரம்புக்குத் தாள் சோதனை. இதை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே இறுக்கிப் பிடிக்கச் சொல்லி நாம் இழுக்க வேண்டும். நல்ல கை கட்டைவிரலை நேராக வைத்தே பிடிக்கும். அல்நார் பலவீனமானால் தாள் நழுவும் கணத்தில் கட்டைவிரலின் நுனி மூட்டு சட்டென்று மடங்கிக்கொள்ளும். போன தசைக்குப் பதிலாக மீடியன் நரம்பின் தசை உதவிக்கு வருகிறது. இதுதான் ஃப்ரோமான் அடையாளம். இரண்டு கையிலும் ஒரே தாளைக் கொடுத்து, எதிரெதிராக அவரையே இழுக்கச் சொன்னால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தன் கட்டைவிரல் மடங்குவதைப் பார்த்து நோயாளியே வியந்துபோவார். சுண்டுவிரல் தனியே விலகி நிற்கிறதா என்றும் பாருங்கள். சட்டைப்பைக்குள் கை விடும்போது அது மாட்டிக்கொள்ளும். சுண்டுவிரலின் புறங்கைப் பக்கமும் மரத்திருந்தால் சேதம் முழங்கை அளவில், அது தப்பியிருந்தால் மணிக்கட்டில்.

காலில் ஒரே ஒரு அசைவு பல லட்ச ரூபாய் ஆபரேஷனைத் தவிர்க்கக்கூடும். பாதத்தை மேலே தூக்க முடியாதவரிடம், பாதத்தை உள்பக்கமாகத் திருப்பச் சொல்லுங்கள். அந்தத் தசைக்கும் இடுப்பின் ஐந்தாம் வேர்தான் ஆதாரம், ஆனால் போகும் வழி காலின் பின்பக்கம் இறங்கும் டிபியல் நரம்பு. வேர் நசுங்கியிருந்தால் உள்பக்கத் திருப்பலும், இடுப்பைப் பக்கவாட்டில் தூக்குவதும் சேர்ந்து பலவீனமாகும். பெரோனியல் நரம்பு மட்டும் அழுந்தியிருந்தால் இரண்டும் முழு வலுவோடு இருக்கும். அண்ணாச்சி பாதத்தை உள்பக்கம் திருப்பியபோது என்னால் அசைக்க முடியவில்லை. இடுப்பும் அப்படியே.

முகத்துக்கு ஒரு வரி போதும்: நெற்றியைச் சுருக்க முடியாமல், கண்ணும் மூடாமல் ஒரு பக்கம் முழுதும் விழுந்தால் முகநரம்பு. நெற்றி சுருங்கி வாய் மட்டும் கோணினால் மூளைப் பக்கவாதம். முன்னதற்கும் 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது.

ஆறாம் படி: உணர்ச்சி

பஞ்சால் முதலில் நெற்றியில் தொட்டு, “இது எப்படி இருக்கோ அதுதான் நார்மல்” என்று காட்டிவிட்டுத் தொடங்குங்கள். கண் மூடியிருக்க வேண்டும். மரத்த இடத்திலிருந்து நல்ல இடத்தை நோக்கி வந்து எல்லையைப் பேனாவால் குறிக்கவும். நேரமில்லையென்றால் நான்கு புள்ளிகள்: ஆட்காட்டி விரல் நுனி மீடியனுக்கு, சுண்டுவிரல் நுனி அல்நாருக்கு, புறங்கையில் கட்டைவிரல் இடுக்கு ரேடியலுக்கு, புறங்காலில் பெருவிரல் இடுக்கு பெரோனியலின் ஆழ்கிளைக்கு.

அண்ணாச்சிக்குப் புறங்கால் மரத்திருந்தது, உள்ளங்கால் நன்றாக இருந்தது. ஈரம் தெரிந்தது என்று முதல் பேச்சிலேயே அவர் சொல்லிவிட்டார். செருப்பின் வார் கழன்றதை உணர வேண்டிய தோல் வேறு, ஈரத்தை உணர்ந்த தோல் வேறு.

இரண்டு காலிலும் காலுறை போட்ட அளவுக்கு மரத்திருந்தால் சர்க்கரை, குடி, பி12 குறைவு ஆகியவற்றைத் தேட வேண்டும். பெருவிரல் கணுவில் இசைக்கவையின் அதிர்வு தெரிகிறதா என்று பாருங்கள்.

ஏழாம் படி: சுத்தியல்

தசை தளர்ந்து தொங்க வேண்டும், சுத்தியல் தன் எடையில் விழ வேண்டும். ரிஃப்ளெக்ஸ், அதாவது தசைநாணைத் தட்டினால் தானாக வரும் துள்ளல், வரவில்லை என்று எழுதும் முன் விரல்களைக் கோத்து இழுக்கச் சொல்லி இன்னொரு முறை தட்டுங்கள். ரிஃப்ளெக்ஸ் துள்ளி, தசை விறைத்து, உள்ளங்காலின் வெளியோரத்தைக் கீறும்போது பெருவிரல் மேல்நோக்கி எழுந்தால் கோளாறு மூளையிலோ தண்டுவடத்திலோ. ரிஃப்ளெக்ஸ் குறைந்து, தசை மெலிந்து, துவண்டிருந்தால் வேரிலோ நரம்பிலோ. மெலிவும் துடிப்பும் இருக்கும் அதே கையில் ரிஃப்ளெக்ஸ் துள்ளினால் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

உணர்ச்சி சுத்தமாக, ரிஃப்ளெக்ஸ் சரியாக, ஆனால் பலவீனம் மட்டும் வந்து வந்து போனால் மயஸ்தீனியாவை, முன்னே சொன்ன சந்திக் கோளாறைப் பாருங்கள். தலையை அசைக்காமல் ஒரு நிமிடம் மேலே பார்க்கச் சொன்னால் இமை மெல்ல இறங்கும். துணியில் சுற்றிய ஐஸை மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தால் இமை எழும்பும். முதன்முறை பார்க்கும்போது மேனி சிலிர்க்கும்.

எட்டாம் படி: தேதி போட்டு எழுதி, திரும்பப் பார்ப்பது

அடிபட்ட நரம்பில் மூன்று வகை. கம்பி அறாமல் மின்சாரம் மட்டும் நின்றால் சில வாரங்களில் திரும்பும். உள்ளிழை அறுந்து உறை தப்பியிருந்தால் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். முழுதும் அறுந்தால் தைக்காமல் சேராது. கத்தியோ கண்ணாடியோ கிழித்த காயத்துக்குக் கீழே உணர்ச்சி போயிருந்தால் தோலை மட்டும் தைத்து அனுப்பிவிடக் கூடாது, நரம்பு தைக்கும் சர்ஜனிடம் சீக்கிரம் போக வேண்டும். பைக்கிலிருந்து விழுந்து ஒரு கை முழுதும் துவண்டவருக்கு அதே பக்கம் இமை தொங்கி, கண்மணி சிறுத்திருந்தால் வேரே பிடுங்கப்பட்டிருக்கலாம். அதுவும் காத்திருக்கக் கூடாதது.

மின்சோதனையை முதல் வாரத்தில் செய்து “நார்மல்” என்று வாங்கி வருபவர்கள் உண்டு. அறுந்த நரம்பின் கீழ்த்துண்டு சில நாட்கள் மின்சாரத்தைக் கடத்தும். தசையில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு செய்வதே உபயோகம்.

அண்ணாச்சியைச் சம்மணம் போடுவதை நிறுத்தச் சொன்னேன். பாதத்தைத் தாங்கும் ஸ்பிளிண்ட் போட்டோம். உயரமான பலகை ஒன்றைப் பட்டறையில் போட்டுக்கொண்டார். நான் அவரை அனுப்பிவைத்த நரம்பியல் மருத்துவரும் மின்சோதனை பார்த்து, அழுத்தம் முழங்காலில்தான் என்றார். வாரம் ஒருமுறை அதே மேசையில், அதே நேரத்தில் வலுவை அளந்து தேதியோடு எழுதினேன். முதல் மூன்று வாரம் 1. ஐந்தாம் வாரம் 2. எட்டாம் வாரம் பெருவிரல் தானாக மேலே எழுந்தது. ஒன்பதாம் வாரம் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன், காலை ஆட்டிக் காட்டினார்: வார் பாதத்தோடு ஒட்டி நின்றது.